மூன்றாவது கட்டத்து 1,250

டீ ஆறுவதற்குள் பாஸ்புக்கைத் திறந்துவிடலாம். பேங்க் பாஸ்புக் இல்லை, பி.எஃப். பாஸ்புக். உமங் செயலியில் பார்த்தாலும் சரி, இணையதளத்தில் இறக்கிய தாளானாலும் சரி, ஏதோ ஒரு மாதத்து வரியை மட்டும் பார்ப்போம். அந்த வரியின் கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் வாங்குகிறவருக்கு அவற்றில் 1,800, 550, 1,250 என்று இருக்கும். முதல் கட்டம் உங்கள் பங்கு. இரண்டாவது கம்பெனியின் பங்கு. மூன்றாவதன் தலையில் பென்ஷன் என்று எழுதியிருக்கும்.

முதல் முறை இதைப் பார்க்கிறவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். "எங்கிட்ட 1,800 பிடிக்கிறாங்க. கம்பெனியும் அதே அளவு போடணும்னுதானே சட்டம்? 550-தான் போட்டிருக்கான் பாருங்கண்ணே." சம்பளப் பட்டியல் போடும் மேசையில் உட்கார்ந்திருக்கிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர் மேல் தப்பில்லை. வேலைக்குச் சேரும் அன்று கத்தையாகத் தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பிடித்தம் எங்கே போகிறது என்று உட்கார வைத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. சந்தேகம் வருகிற நாளில் ஹெச்.ஆரிடம் போனால், "கரெக்டாதான் இருக்கு, போங்க" என்று பதில் வரும். கரெக்டாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பதில் இல்லையே.

நாமே கூட்டிப் பார்ப்போம். 550-உடன் 1,250-ஐக் கூட்டினால் 1,800. கம்பெனி உங்கள் அளவுக்குத்தான் போட்டிருக்கிறது. அதன் பணம் மட்டும் இரண்டாகப் பிரிந்து இரண்டு கட்டங்களில் விழுந்திருக்கிறது. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 விழுக்காடு அப்படியே பி.எஃப். கணக்குக்குப் போகிறது. கம்பெனி போடும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மிச்சம்தான் பி.எஃப். கணக்குக்கு வரும். இது போக, காப்பீட்டுக்கு அரை விழுக்காடும் நிர்வாகச் செலவுக்கு அரை விழுக்காடும் கம்பெனி தனியாகக் கட்டுகிறது. அவை பாஸ்புக்கில் தெரியாது. (அந்தக் காப்பீட்டை வீட்டில் சொல்லி வையுங்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை வரும். பலர் வீட்டில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.)

8.33 என்ற எண் விசித்திரமாகத் தெரிகிறதா? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், அதுதான். அதாவது ஓராண்டு முழுக்க இந்தப் பங்கைக் கட்டினால் சரியாக ஒரு மாதச் சம்பளம் ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும். இன்னொன்று, ஓய்வூதியப் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அது 6,500-இலிருந்து 15,000 ஆனது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 20,000 ஆக இருந்து கம்பெனி முழுத் தொகைக்கும் கணக்கிட்டால் வரி 2,400, 1,150, 1,250 என்று வரும். மூன்றாவது கட்டம் 1,250-ஐத் தாண்டாது. அதே 2014 செப்டம்பருக்குப் பிறகு, எடுத்த எடுப்பிலேயே 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில், முன்பு பி.எஃப். இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டமே கிடையாது. அவர்கள் பாஸ்புக்கில் அந்தக் கட்டம் பூஜ்யமாகவே இருக்கும், கம்பெனியின் முழுப் பங்கும் பி.எஃப்.புக்கே வரும். பக்கத்து இருக்கைக்காரர் பாஸ்புக்கோடு உங்களுடையதை ஒப்பிட்டுக் குழம்புவதற்கு இது ஒன்றே போதும்.

அடிப்படைச் சம்பளம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. 25,000 ரூபாய்ச் சம்பளத்தில் அடிப்படையை 9,000 என்று எழுதி மீதியை அந்தப் படி, இந்தப் படி என்று கூறு போடும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. பிடித்தம் குறையும், கையில் வருவது கூடும், தொழிலாளியும் சந்தோஷப்படுவார். கம்பெனிக்கு அதைவிடச் சந்தோஷம். எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளையும் சேர்த்தே பி.எஃப். கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்தக் கைவரிசைக்குக் கொஞ்சம் கடிவாளம் விழுந்தது.

இப்போது அந்த மூன்றாவது கட்டத்துக்கு வருவோம். கம்பெனி ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வருகிறது. கூடவே ஒரு தப்பெண்ணமும் உள்ளே நுழைந்துவிடுகிறது: "அப்ப சரி, 1,800-உம் என்னுது, 550-உம் என்னுது, 1,250-உம் என்னுது. மூணும் சேர்ந்து வட்டியோட வளருது." முதல் இரண்டும் உங்களுடையதுதான். மூன்றாவது அந்த மாதிரி உங்களுடையது அல்ல. படித்தவர், படிக்காதவர், கணக்குப் பிரிவிலேயே வேலை பார்ப்பவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வழுக்கி விழும் இடம் இது. ஆகவே இங்கே கொஞ்சம் உட்காருவோம்.

ஊர்க் கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள் அல்லவா? நோட்டில் உங்கள் பெயரும் தொகையும் இருக்கும். பந்தியில் உங்களுக்கு ஓர் இலை உண்டு, அது உரிமை. ஆனால் "நான் கொடுத்த 500 ரூபாயை எடுத்து வையுங்கள், வட்டி என்ன ஆச்சு?" என்று கேட்க முடியாது. அந்தப் பணம் கொடுத்த நாளிலேயே ஊர்ப் பணத்தோடு கலந்துவிட்டது. இலையில் விழும் சோறும் நீங்கள் கொடுத்த தொகையை நிறுத்துப் பார்த்து விழுவதில்லை. மூன்றாவது கட்டம் இந்த நோட்டு மாதிரிதான். 1,250 என்பது இருப்பு அல்ல, நீங்கள் வரி கட்டிவிட்டீர்கள் என்பதற்கான பதிவு. அதற்கு வட்டி கிடையாது. பி.எஃப். கட்டங்களுக்கு 2024-25-இல் 8.25 விழுக்காடு வட்டி கொடுத்தார்கள். மூன்றாவது கட்டத்தில் ஒரு பைசா ஏறியிருக்காது, ஏறவும் ஏறாது.

இரண்டு திட்டங்களின் வயதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் வந்தது. அவரவர் பணம் அவரவர் கணக்கில் என்பதுதான் அதன் அடிப்படை. ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். மொத்தமாக வந்த பணம் மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று ஒரே ஆண்டில் கரைந்துபோவதும், சம்பாதிக்கிறவர் நடுவிலேயே போய்விட்டால் குடும்பம் தெருவுக்கு வருவதும் நடந்தன. 1971-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதை விரித்து 1995 நவம்பர் 16 முதல் இப்போதுள்ள ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அது தனிக் கணக்கே அல்ல, பொதுக் குவியல். கம்பெனி கட்டும் 8.33 போக, மத்திய அரசும் 1.16 விழுக்காடு அதில் போடுகிறது. அது உங்கள் பாஸ்புக்கில் எந்தக் கட்டத்திலும் வராது.

அப்படியானால் ஓய்வூதியத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? கட்டிய பணத்தை வைத்து அல்ல. சம்பளத்தையும் வேலை பார்த்த ஆண்டுகளையும் வைத்து. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை, 15,000 உச்சவரம்புக்கு உட்பட்டு, எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். அவ்வளவுதான் சூத்திரம். 20 ஆண்டு முடித்தவருக்கு 2 ஆண்டு கூட்டிக் கொடுப்பார்கள். 33 ஆண்டு பார்த்தவருக்கு 35 ஆண்டாகக் கணக்காகி, சம்பளத்தில் சரிபாதி வரும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். 2014 அக்டோபரில் சேர்ந்து, 20 ஆண்டு பார்த்து, 58 வயதில் வெளியே வருகிறார் என்று வையுங்கள். 15,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 4,714 ரூபாய். அவர் பெயரில் போன பங்கு 240 மாதத்துக்கு 3 லட்சம். ஐந்தரை ஆண்டுக்குள் அந்த 3 லட்சமும் ஓய்வூதியமாகத் திரும்பி வந்துவிடும், அதற்கு மேல் வாழ்கிற ஒவ்வொரு மாதமும் ஆதாயம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதிக் கணக்கு. அதே 1,250 மூன்றாவது கட்டத்தில் விழாமல் இரண்டாவது கட்டத்தில் விழுந்து, 20 ஆண்டும் 8.25 விழுக்காடு வட்டி வாங்கியிருந்தால் 7 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்தத் தொகையின் வட்டியே மாதம் ஐயாயிரம் ரூபாய் வரும், முதலும் அப்படியே நிற்கும். ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் 58-ஐத் தொடுகிறவருக்கு இந்தத் திட்டம் லாபம் என்று என்னால் சொல்ல முடியாது.

லாபம் வேறொருவருக்கு. அந்த லேத்காரர் சேர்ந்த இரண்டாம் மாதமே சாலை விபத்தில் போய்விட்டார் என்று வையுங்கள். (வாயில் வரக் கூடாததுதான். ஆனால் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் பைக்கில் போகிறவர்கள் விஷயத்தில் கற்பனை தேவையில்லை.) அவர் பெயரில் ஒரே ஒரு மாதப் பங்கு போயிருந்தால் போதும், மனைவிக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை, ஒவ்வொருவருக்கும் தாய்க்கு வருவதில் கால் பங்கு தனியாக உண்டு. 1,250 ரூபாய் கட்டியவர் குடும்பத்துக்கு இது எங்கிருந்து வருகிறது? நன்றாக இருக்கிற மற்றவர்களின் மூன்றாவது கட்டத்திலிருந்துதான்.

இவ்வளவு தெரிந்துகொண்டால், வேலை மாறும்போது வரும் ஒரு பீதிக்கும் விடை கிடைத்துவிடும். பழைய கம்பெனியில் மூன்று ஆண்டு வேலை. அந்தப் பாஸ்புக்கில் மூன்றாவது கட்டத்தின் கூட்டுத்தொகை 45,000. புது கம்பெனிக்கு வந்ததும் கணக்கை மாற்ற விண்ணப்பிக்கிறீர்கள். சில வாரங்களில் மாறியும் விடுகிறது. ஆசையாகத் திறந்தால், உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் வட்டியோடு வந்திருக்கின்றன, ஓய்வூதியக் கட்டத்தில் மட்டும் 0. "நாப்பத்தஞ்சாயிரத்தை முழுங்கிட்டாங்க!" என்று வயிறு எரியும். யாரும் முழுங்கவில்லை. மாற்ற வேண்டிய பணம் என்று அங்கே ஒன்று இருந்ததே இல்லை. பணம் ஏற்கெனவே பொதுக் குவியலில் கிடக்கிறது. மாற வேண்டியது உங்கள் மூன்று ஆண்டுச் சேவை. அது அனெக்ஸர் கே என்று ஒரு தாளில், சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு போகும். பார்க்க வேண்டியது அந்தத் தேதிகளைத்தான், பூஜ்யத்தை அல்ல.

மாற்றாமல், ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுகிறவர்கள் கதை வேறு. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இளவட்டங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு கம்பெனி மாறுகிறார்கள். விலகியதும் ஹாஸ்டல் அறையில் ஒருவர் சொல்வார்: "பத்தொன்பதையும் போடு, டென் சி-யும் போடு, மொத்தமா வரும்." படிவம் 19 பி.எஃப். பணத்துக்கு. படிவம் 10சி ஓய்வூதியப் பங்குக்கு. 10 ஆண்டு முடியாதவர் 10சி போட்டால் ஒரு தொகை தருவார்கள். எவ்வளவு? முன்பு நினைவில் வைத்தோமே, அது இங்கே வரும்: ஏறக்குறைய, பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். கட்டியது கட்டிய அளவிலேயே திரும்புகிறது, வட்டி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அந்தப் பணம் கைக்கு வந்த நொடியில் சேவை ஆண்டுகள் அழிந்துவிடும். அடுத்த கம்பெனியில் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். நான்கு முறை இரண்டிரண்டு ஆண்டு பார்த்து நான்கு முறையும் எடுத்தவர், எட்டு ஆண்டு உழைத்தும் ஓய்வூதியக் கணக்கில் நேற்றுச் சேர்ந்தவர். அவசரத் தேவை இருந்தால் பி.எஃப். பணத்தை எடுங்கள், அது உங்கள் பணம். (மொத்தச் சேவை ஐந்து ஆண்டு முடிவதற்குள் எடுத்தால் வருமான வரி உண்டு.) 10சி-யில் மட்டும் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிஃபிகேட்) கேட்கலாம். அதே படிவம்தான், கேட்பது மட்டும் வேறு. அடுத்த வேலையில் அந்த ஆண்டுகள் தொடரும்.

10 ஆண்டு தாண்டியவருக்கு எதிர்த் திசையில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. "எனக்குப் பென்ஷன் வேண்டாம், கட்டினதை மொத்தமாக் கொடுங்க" என்று அவர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஒன்பதரை ஆண்டைத் தொட்டாலே பத்தாகக் கணக்கு. அதற்கு மேல் ஓய்வூதியம் ஒன்றுதான் வழி. 58 வயதில் முழுதாக வாங்கலாம், அல்லது 50-க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம். முன்கூட்டி வாங்கினால் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. கணவன், மனைவி இருவர் காலத்துக்குப் பிறகு, வளர்ந்த பிள்ளைகளுக்கு மிச்சத் தொகை என்று எதுவும் வராது. மூன்றாவது கட்டத்தைத் தன் சேமிப்பு என்று நினைத்திருந்தவருக்கு இது அநியாயமாகப் படும். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பெயருக்கு நேரே ஒரு கட்டம் போட்டு மாதாமாதம் ரூபாயைக் காட்டிக்கொண்டே வந்தால் மனிதன் அதை இருப்பு என்றுதான் நினைப்பான். அந்தக் கட்டத்தில் ரூபாய்க்குப் பதில் "சேவை: 7 ஆண்டு 4 மாதம்" என்று அச்சிட்டிருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

இன்னொரு கோபத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை. இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று 2014-இல் வைத்தது மாதம் 1,000 ரூபாய். பழைய மில் தொழிலாளர்கள் பலருடைய சம்பளம் அந்தக் காலத்து அளவு, உச்சவரம்பும் அந்தக் காலத்து அளவு. சூத்திரத்தில் போட்டால் அவ்வளவுதான் வரும். ஒரு காஸ் சிலிண்டர் வாங்கினால் மிச்சத்தில் டீ குடிக்கலாம். அதை 7,500 ஆக்கச் சொல்லி முதியவர்கள் ஊர் ஊராகப் போராடினார்கள். இலை போட்டால் மட்டும் ஆயிற்றா, அதில் சோறு வேண்டாமா?

சரி, உங்கள் பாஸ்புக்குக்கே திரும்புவோம். ரூபாயைப் பார்த்தாயிற்று, இனிப் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். அதனால் ஒரே ஆள் ஆதாரில் "முருகன் எஸ்", பி.எஃப். கணக்கில் "எஸ். முருகன்", வங்கியில் "முருகன் செல்வராஜ்". நம் கண்ணுக்கு மூன்றும் ஒன்று, கணினிக்கு மூன்று பேர். கிளெய்ம் ரிஜெக்ட் ஆகிப் பலர் லீவு போட்டு ராயப்பேட்டை, அம்பத்தூர் பி.எஃப். அலுவலகங்களுக்கு அலைவது இந்த ஒரு எழுத்துக்காகத்தான். பணம் தேவைப்படுகிற நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட, தேவையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்துத் திருத்துவது மேல். 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதார் அடிப்படையில் யு.ஏ.என். என்ற பி.எஃப். பொது எண்ணைப் பெற்றவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை இணையதளத்தில் தாங்களே திருத்திக்கொள்ளும் வசதி 2025 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தைய எண் உள்ளவர்களுக்குக் கம்பெனியின் ஒப்புதலோடு கூட்டு விண்ணப்பம்.

இரண்டாவது, விலகிய தேதி. சேவை ஆண்டுகள்தான் ஓய்வூதியத்தின் அளவுகோல் என்று பார்த்தோமே, அந்த அளவுகோலின் ஒரு முனை இந்தத் தேதி. பழைய கம்பெனி அதைப் பதிவு செய்யாமலே விட்டிருந்தால் கணக்கை மாற்றுவதும் இழுபறியாகும், கிளெய்மும் நகராது. முன்பெல்லாம் அந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. 2020 முதல் தொழிலாளியே பதிவு செய்யலாம். கடைசிப் பங்கு செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். யு.ஏ.என். தளத்தில் மேனேஜ் என்ற பகுதிக்குள் மார்க் எக்ஸிட் என்று இருக்கும், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். கடைசிப் பங்கு விழுந்த மாதத்துக்குள் அடங்கும் தேதியைத்தான் அது ஏற்கும். ஒரு முறை பதிந்த தேதியை நீங்களாகத் திருப்பி மாற்ற முடியாது, ஆகவே பட்டனைத் தட்டுமுன் பழைய சம்பளச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.